வாயுவின் ஓட்டத்தைச் சிக்கனமாகக் கணக்கிடுவது: நான்கு வருடம் அப்படி என்ன ஆராய்ச்சி?

கேள்வி: என் அக்கா மகள் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். வாயு இயக்கவியலைக் கணினியில் கணக்கிடச் செலவு குறைந்த முறைகளை உருவாக்குவதுதான் தலைப்பாம். மென்பொருள் விலைக்கே கிடைக்கிறது, கணினியும் வருடா வருடம் வேகமாகிறது, பிறகு இதில் நான்கு வருடம் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டால் சிரிக்கிறாள். தெரிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில்:

நானும் இதே துறையில் பட்டம் வாங்கியவன், அதனால் அந்தச் சிரிப்பு எனக்குப் புரிகிறது. என் அம்மா அக்கம்பக்கத்தில் "பையன் கேஸ் சம்பந்தமாப் படிக்கிறான்" என்று சொல்லி வைத்திருந்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது எதிர்வீட்டுப் பெரியவர் என்னை நிறுத்தி, சிலிண்டர் பதிவு செய்து பன்னிரண்டு நாளாகிறது, இன்னும் வரவில்லை, என்னவென்று கொஞ்சம் கேட்டுச் சொல் தம்பி என்றார்.

கணினி வேகமாகிறதே என்று கேட்டீர்கள். அதை முதலில் முடித்துவிடுவோம், அதற்குப் பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு மீட்டர் உள்ள பெட்டிக்குள் காற்று ஓடுகிறது. அதை மில்லிமீட்டர் அளவுக் கட்டங்களாக நறுக்கினால் நூறு கோடி கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து எண்கள் வேண்டும்: அடர்த்தி, மூன்று திசைகளில் உந்தம், மொத்த ஆற்றல். எண்ணுக்கு 8 பைட் வீதம் 40 ஜிபி. உங்கள் வீட்டு மடிக்கணினியின் நினைவகத்தில் (ரேம்) இதை ஏற்றி வைக்கக்கூட இடமிருக்காது.

சரி, இன்னும் துல்லியம் வேண்டும், கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்குகிறோம். கட்டங்கள் 8 மடங்கு ஆகின்றன. அதோடு முடியாது. கணக்கு காலத்தில் ஒரு எட்டு, அதாவது ஒரு சின்ன நேர இடைவெளி, எடுத்து வைக்கும்போது அந்த எட்டுக்குள் எந்த அலையும் ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடிவிடக் கூடாது. கூரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி என்ற மூவர் 1928-லேயே, மின்னணுக் கணினி பிறக்கும் முன்பே, கண்டு சொன்ன நிபந்தனை இது. கட்டம் பாதியானால் கால எட்டும் பாதியாக வேண்டும். ஆக மொத்தம் 16 மடங்கு வேலை. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இரண்டு மடங்கு வேகமான கணினியை வாங்கி வந்தால் கட்டத்தை ஏறக்குறைய 16 சதவீதம் சிறிதாக்கலாம். காசுக்கு வந்தது அவ்வளவுதான்.

இது போதாதென்று வாயுவுக்கே ஒரு குணம் உண்டு. ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஓடினாலோ வெடித்தாலோ அதற்குள் அதிர்ச்சி அலை பிறக்கும். அலையின் இந்தப் பக்கம் ஒரு அழுத்தம், அந்தப் பக்கம் வேறு அழுத்தம். நடுவே இருக்கும் அலையின் தடிமன், நாம் சுவாசிக்கும் காற்றில், ஒரு மீட்டரில் கோடியில் சில பங்குதான். தலைமுடியின் தடிமனில் நூற்றுக்கணக்கில் ஒரு பங்கு. அதை உள்ளபடி பார்க்க வேண்டுமென்று அந்த அளவுக்குக் கட்டம் வெட்டினால், அந்த ஒரு மீட்டர் பெட்டிக்குள் 1 போட்டு 21 சுழியம் சேர்த்த எண்ணிக்கையில் கட்டங்கள் வரும். உலகத்துக் கணினிகளையெல்லாம் ஒன்றாகக் கட்டினாலும் நடக்காது. அதனால் இந்தத் துறையில் முதல் நாளே ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: அலையின் உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் பார்க்கப் போவதில்லை. பார்க்காமலேயே அலை சரியான இடத்தில், சரியான வேகத்தில், சரியான உயரத்தோடு வர வேண்டும். எதைப் பார்க்காமல் விடலாம் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் அக்கா மகளின் வேலை. கணினியை முடுக்குவது அதற்கு அப்புறம்.

அவள் முதல் மாதமே செய்திருக்கக்கூடிய கணக்கை எடுத்துக்கொள்கிறேன். 1978-இல் கேரி சோட் என்பவர் ஒரு கட்டுரையில் பயன்படுத்தியது, அதனால் சோட் குழாய் என்று பெயர். சமையல் கற்றுக்கொள்பவருக்குச் சோறு வடிப்பது மாதிரி, இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் இதில்தான் கை சுட்டுக்கொள்வார்கள். நீளம் 1 உள்ள குழாய், நட்ட நடுவில் மெல்லிய தடுப்பு. இடப்பக்கம் அடர்த்தி 1, அழுத்தம் 1. வலப்பக்கம் அடர்த்தி 0.125, அழுத்தம் 0.1. இரண்டு பக்கமும் வாயு அசையாமல் நிற்கிறது. தடுப்பைச் சட்டென்று எடுத்துவிடுகிறோம்.

என்ன ஆகும்? வலப்பக்கம் ஒரு அதிர்ச்சி அலை பாயும். அதன் பின்னால், முன்பு தடுப்புக்கு இருபுறமும் இருந்த வாயுக்கள் தொட்டுக்கொள்ளும் எல்லை மெதுவாக நகரும். அந்த எல்லையில் அழுத்தமும் வேகமும் ஒன்றாகவே இருக்கும், அடர்த்தி மட்டும் தாவும். இடப்பக்கம் நெருக்கம் தளர்ந்துகொண்டே ஒரு விரிவு அலை பின்வாங்கும். நேரம் 0.2 ஆகும்போது அதிர்ச்சி அலை 0.85-இலும் தொடும் எல்லை 0.685-இலும் இருக்க வேண்டும். நடுப்பகுதியின் அழுத்தம் 0.303. இவை காகிதத்தில் போட்ட கணக்கின் விடை, இதில் பேரத்துக்கு இடமில்லை. 1860-இல் ரீமான் எழுதிய கட்டுரையில் இதன் வேர் இருக்கிறது. கணிதத்தில் ரீமான் கருதுகோள் என்று பிரபலமாக இருக்கிறதே, அதே ரீமான்தான்.

இதைக் கணினியில் போட முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி, பள்ளியில் படித்த வகைக்கெழுவைப் பக்கத்துக் கட்டங்களின் வித்தியாசமாக எழுதிவிடுவது. எழுதிப் பார்த்தால் அலை வரும், கூடவே அலைக்கு முன்னும் பின்னும் ரம்பப் பல் மாதிரி நெளிவுகளும் வரும். இயற்கையில் அப்படி எதுவும் கிடையாது. நெளிவு கொஞ்சம் பெரிதானால் ஏதோ ஒரு கட்டத்தில் அடர்த்தி சுழியத்துக்குக் கீழே இறங்கும், நிரல் அங்கேயே விழுந்துவிடும். வான் நாய்மன், ரிக்ட்மையர் என்ற இருவர் 1950-இல் இதற்கு ஒரு மருந்து சொன்னார்கள். அதிர்ச்சி அலை வரும் இடத்தில் வேண்டுமென்றே செயற்கையான பாகுத்தன்மையைச் சேர்த்து, அலையைச் சில கட்டங்களுக்குப் பட்டையாகப் பரப்பிவிடுவது. வேலை செய்தது, இன்றும் செய்கிறது. ஆனால் எவ்வளவு சேர்ப்பது என்பது கைப்பக்குவம். குறைந்தால் நெளியும், கூடினால் மழுங்கும்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு நேரான ஆள் வருகிறார். செர்கேய் கோதுனோவ், அவரும் அப்போது ஆராய்ச்சி மாணவர்தான். 1953 இலையுதிர்காலம், மாஸ்கோ, வயது 24. அணு ஆயுதத் திட்டத்துக்கான கணக்குகள் நடந்த கணிதத் துறையில் வேலை. அதுவரை மேசைக் கணக்குப்பொறிகளை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து கையால் போட்டுவந்த கணக்கு அது. ஸ்ட்ரெலா என்ற மின்னணுக் கணினி வரப் போகிறது, அதற்கேற்ற முறை ஒன்றைத் தயார் செய் என்று மூத்த கணிதவியலர்கள் கெல்டிஷும் கெல்ஃபாந்தும் அவரிடம் சொல்கிறார்கள். ஸ்ட்ரெலாவின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2000 செயல்கள். நினைவகத்தில் 2048 எண்களுக்குத்தான் இடம். நம் கட்டுரையின் முதல் பெட்டி ஐநூறு கோடி எண்கள் கேட்டதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோதுனோவ் செய்தது இது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு சராசரியை மட்டும் வைத்துக்கொண்டார். கட்டத்துக்குள் அடர்த்தி எப்படி ஏறி இறங்குகிறது என்ற விவரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். அப்படிப் போட்டதும், அடுத்தடுத்த இரண்டு கட்டங்களின் எல்லையில் என்ன இருக்கிறது? இடப்பக்கம் ஒரு நிலை, வலப்பக்கம் வேறொரு நிலை, நடுவில் தடுப்பு. அது ஒரு குட்டி சோட் குழாய்! (சோட் வர இன்னும் ஏறக்குறைய 25 வருடம் இருக்கிறது, அது வேறு.) அதற்குத் துல்லியமான விடை ரீமான் காலத்திலிருந்தே கையில் இருக்கிறது. எல்லா எல்லைகளிலும் தடுப்பை ஒரு கணம் எடுத்துவிட்டு, எவ்வளவு நிறை, உந்தம், ஆற்றல் இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்குப் போனது என்று குறித்துக்கொண்டு, சராசரியைத் திருத்தி, மறுபடி தடுப்பைப் போட்டுவிடுகிறார். ஒரு கட்டத்திலிருந்து போனது அப்படியே அடுத்த கட்டத்தில் வரவு. கணக்குப்பிள்ளை நோட்டு மாதிரி, நடுவில் காலணா தொலையாது. நெளிவும் வராது.

1954-இல் இதை ஆய்வேடாகச் சமர்ப்பித்துப் பட்டம் வாங்கினார். கட்டுரையாக வெளிவர 1959 ஆனது. ஒரு பத்திரிகை இதில் இயந்திரவியலே இல்லை, வெறும் கணிதம் என்று திருப்பியது. கணிதப் பத்திரிகை இது இயந்திரவியல் என்று திருப்பியது. இப்போது அது இந்தத் துறையில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று. அமெரிக்காவில் கணிதவியலர் பீட்டர் லாக்ஸ் வெளியிட்ட முறையை ஒரு வருடம் முன்பே படித்திருந்தால் என் முறை பிறந்தே இருக்காது என்று கோதுனோவே பிற்காலத்தில் எழுதினார். இலக்கியத் தேடலை முடித்துவிட்டு வேலையைத் தொடங்கு என்று மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து தொலைக்கும்.

அதே கட்டுரையில் ஒரு கெட்ட செய்தியும் இருந்தது. புதிய மேடு பள்ளங்களை உண்டாக்காத முறை வேண்டும், அது நேரியல் முறையாகவும் (தரவு எப்படி இருந்தாலும் ஒரே சூத்திரத்தை மாற்றாமல் போடுவதாகவும்) இருக்க வேண்டும் என்றால் அது முதல் படித் துல்லியத்தைத் தாண்டவே முடியாது என்று அவரே நிரூபித்துவிட்டார். முதல் படி என்றால், கட்டத்தைப் பாதியாக்கினால் பிழையும் பாதிதான் ஆகும். பிழை பாதியாவதற்கு 16 மடங்கு வேலை என்று மேலே போட்ட கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும். சோட் குழாயை 100 கட்டங்களில் இந்த முறையில் போட்டால் நெளிவே இருக்காது. ஆனால் அந்தத் தொடும் எல்லை, கூர்மையாகத் தாவ வேண்டியது, பத்துப் பன்னிரண்டு கட்டங்களுக்குத் தேய்ந்துபோய் மேட்டுச் சரிவு மாதிரி நிற்கும்.

வாசல் எங்கே இருந்தது என்றால், அந்த 'நேரியல்' என்ற சொல்லில். முறை நேரியலாக இல்லாமல், தரவைப் பார்த்துத் தன் போக்கை மாற்றிக்கொள்ளலாமே? நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் பக்கமிருந்து வந்த பிராம் வான் லீர் 1970-இல் இந்த வகை முறைகளைப் பற்றித்தான் ஆய்வேடு கொடுத்தார். பிறகு 1973 முதல் 1979 வரை ஐந்து பகுதிகளாக எழுதிய தொடரில் முழு வடிவம் வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரியோடு ஒரு சாய்வையும் சேர்த்துக்கொள்வது, ஆனால் சாய்வுக்குக் கடிவாளம் போடுவது. நம் ஆட்கள் லிமிட்டர் என்பார்கள்.

கடிவாளம் எப்படி என்று ஒரு சின்ன உதாரணம். மூன்று கட்டங்களின் மதிப்பு 4, 6, 12. நடுக்கட்டத்துக்கு இடப்பக்க ஏற்றம் 2, வலப்பக்க ஏற்றம் 6. இரண்டில் சிறியது 2, அதையே சாய்வாக எடுத்துக்கொள். அடுத்து 4, 9, 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் 5 ஏற்றம், வலப்பக்கம் 2 இறக்கம். இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை, அதனால் சாய்வு சுழியம், இந்தக் கட்டத்தில் மட்டும் கோதுனோவின் பழைய முறைக்கே திரும்பிவிடு. நிரலில் நாலு வரி. அமைதியான இடத்தில் இரண்டாம் படித் துல்லியம் (கட்டம் பாதியானால் பிழை கால்வாசி), சண்டை நடக்கும் இடத்தில் பத்திரமான முதல் படி. இந்த நாலு வரியால் அதே தரமான விடை பல மடங்கு குறைந்த கட்டங்களில் கிடைத்தது. எந்தக் கணினி நிறுவனமும் ஒரே வருடத்தில் தர முடியாத வேகம் அது.

இந்த 'சிறியதை எடு' என்ற யோசனையை 1972-லேயே சோவியத் யூனியனின் விமான ஆய்வு நிறுவனத்தில் விளாதிமிர் கோல்கன் என்பவர் வெளியிட்டிருந்தார். ரஷ்ய மொழியில், உள்ளூர் இதழில். வெளியே யாரும் கவனிக்கவில்லை. 1978-இல் இறந்துவிட்டார். அந்த யோசனை வெளிவந்து ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து 2011-இல், வான் லீரே முன்வந்து, இது வரலாற்றில் நேர்ந்த பிசகு, கோல்கனுக்கு உரிய இடம் தரப்பட வேண்டும் என்று கட்டுரை எழுதினார். அவருக்கு அப்படி எழுதவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இதைத் தட்டச்சு செய்யும்போதும் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

உங்கள் மற்ற கேள்வி, மென்பொருள் விலைக்குக் கிடைக்கிறதே என்பது. கிடைக்கிறது. ஃபுளூயன்ட் என்ற மென்பொருளைத் திறந்து அடர்த்தி சார்ந்த தீர்வியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பட்டியல் விழும், அதில் ரோ என்றும் ஏயுஎஸ்எம் என்றும் இருக்கும். ரோ என்பது ஃபிலிப் ரோ. எல்லையில் உள்ள அந்தக் குட்டிக் குழாயை ஒவ்வொரு முறையும் துல்லியமாகத் தீர்ப்பது வீண் செலவு, எப்படியும் சராசரிதானே எடுக்கப் போகிறோம், அதனால் நேரியலாக்கித் தோராயமாகத் தீர்த்தால் போதும் என்று 1981-இல் காட்டியவர். ஏயுஎஸ்எம் என்ற இன்னொரு முறை 1993-இல் வந்தது. நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.எம். தேஷ்பாண்டே 1980-களில் மூலக்கூறுகளின் வேகப் பரவலிலிருந்தே தொடங்கி வேறொரு குடும்பத்து முறைகளை வளர்த்தார். அந்தப் பட்டியலில் கை வைக்கிற ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் யாரோ சிலரின் பல வருட வேலை இருக்கிறது. அடுத்த பதிப்பில் வரப்போகிற வரியை இப்போது யாராவது எழுதிக்கொண்டிருக்க வேண்டுமல்லவா.

எழுதி முடித்தால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், அதுவுமில்லை. ரோவின் முறை கூர்மையானது, மலிவானது. ஆனால் மழுங்கிய மூக்குள்ள விண்கலம் ஒலியைப் போல் பல மடங்கு வேகத்தில் வருவதைக் கணக்கிட்டால், மூக்குக்கு முன்னால் வில் போல் வளைந்து நிற்க வேண்டிய அதிர்ச்சி அலையில் நட்ட நடுவே ஒரு கொப்புளம் கிளம்பும். கார்பங்கிள் என்றே பெயர், மருத்துவத்தில் ராஜபிளவை என்பார்களே, அதுதான். 1988-இல் அதைப் பதிவு செய்தார்கள். கட்டத்தைச் சிறிதாக்கினால் போகாது, சில சமயம் இன்னும் மோசமாகும். கொஞ்சம் மழுங்கலான முறையைப் போட்டால் கொப்புளம் மறையும், ஆனால் கலத்தின் தோலையொட்டி ஓடும் மெல்லிய படலம் தேய்ந்துபோய் வெப்பக் கணக்கு தப்பாகும். இதற்கு வைத்தியம் சொல்லும் கட்டுரைகள் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் அக்கா மகள் இதில் போய் மாட்டாமல் இருந்தால் சந்தோஷம்.

சிக்கனத்துக்கு இன்னொரு பெரிய வழி, எல்லா இடத்திலும் ஒரே அளவுக் கட்டம் எதற்கு என்று கேட்பது. அந்த நூறு கோடி கட்டப் பெட்டிக்குள் ஒரே ஒரு அதிர்ச்சி அலை குறுக்கே நிற்கிறது என்று வையுங்கள். அதைச் சுற்றி இருபது அடுக்கு நுண்ணிய கட்டம் போதும். ஆயிரம் பெருக்கல் ஆயிரம் பெருக்கல் இருபது, இரண்டு கோடி. மொத்தத்தில் 2 சதவீதம். மிச்ச இடமெல்லாம் பெரிய கட்டமாக இருக்கலாம், ஏனென்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை. அலை நகர நகர நுண்ணிய கட்டங்களும் அதன் கூடவே நகர வேண்டும், பின்னால் விட்டதைக் கலைத்துவிட வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் மார்ஷா பெர்கர் 1982-இல் கொடுத்த ஆய்வேடு இது. அவரும் அவருடைய வழிகாட்டி ஜோசஃப் ஆலிகரும் 1984-இல் கட்டுரையாக்கினார்கள். 1989-இல் ஃபிலிப் கொலெல்லாவோடு சேர்ந்து அதிர்ச்சி அலைகளுக்கு ஏற்றபடி அதைச் செம்மையாக்கினார். இன்று நட்சத்திர வெடிப்பைக் கணக்கிடுகிறவர்கள் பலர் கையாளும் நிரல்களின் அடியில் இந்த யோசனைதான் ஓடுகிறது.

கேட்கும்போது எளிது. நிரலாக எழுதும்போது பெரிய கட்டமும் சின்னக் கட்டமும் சேரும் எல்லையில் வரவு செலவு ஒத்துவராது. பெரியது ஒரு எட்டு வைக்கும் நேரத்தில் சின்னது இரண்டு எட்டு வைக்கும், அந்த இரண்டின் கூட்டு பெரியதின் கணக்கோடு சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இந்த ஒரு ஒட்டுவேலைக்கு ஆறு மாதம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கணினிப் பக்கம் பார்த்தால், இப்போது கணக்குப் போடுவது மலிவு, எண்ணை நினைவகத்திலிருந்து கொண்டுவருவதுதான் விலை. ஒரு எண் நினைவகத்திலிருந்து வந்து சேர்வதற்குள் செயலி நூற்றுக்கணக்கான சுழற்சிகளைச் சும்மா கழித்துவிடலாம். இதனால் பழைய பொருளாதாரம் தலைகீழாகிவிட்டது. கோதுனோவ் காலத்தில் ஒவ்வொரு பெருக்கலையும் மிச்சம் பிடித்தார்கள். இப்போது, ஒரு தடவை எடுத்துவந்த எண்ணை வைத்து முடிந்தமட்டும் அதிகமாகக் கணக்குப் போடுகிற உயர்படி முறைகளுக்குத்தான் மவுசு. ஜிபியு என்ற வரைகலைச் செயலி வந்த பிறகு இது இன்னும் முற்றிவிட்டது.

பெரிய கணினிகளில் போடும் கணக்குகளுக்கான கோர்டன் பெல் பரிசை 2013-இல் வாங்கிய கணக்கு நல்ல உதாரணம். சூரிச்சிலிருந்து வந்த குழுவும் கூட்டாளிகளும் திரவத்துக்குள் 15,000 வாயுக் குமிழிகள் நசுங்கி வெடிப்பதை 13 லட்சம் கோடி கட்டங்களில், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் செக்வோயா கணினியில் ஓட்டினார்கள். அந்த எண்ணிக்கையை விட எனக்குப் பிரமிப்பு, இயந்திரத்தின் உச்ச வேகத்தில் 55 சதவீதத்தைப் பிழிந்தெடுத்தது. இந்த வகை நிரல்கள் பல, பத்து சதவீதத்தைத் தொடவே திணறும். அந்த முறையின் அடியிலும் கட்டத்துக்குக் கட்டம் கோதுனோவின் அதே தடுப்பு எடுக்கும் வேலைதான்.

ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு வேலையைப் பங்கு போடுவதும் தலைவலி. கல்யாணப் பந்தியில் கடைசி ஆள் பாயசத்தை வழித்து முடிக்கும்வரை மற்றவர்கள் இலை முன்னால் கையைக் காயவிட்டு உட்கார்ந்திருப்பார்களே, அப்படி. அதிர்ச்சி அலை யார் பங்குக்குள் போகிறதோ அவருக்கு நுண்ணிய கட்டங்கள் குவியும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். அலை நகரும்போது பங்கை மாற்றிப் போட வேண்டும், மாற்றிப் போடுவதற்கே நேரம் பிடிக்கும்.

அன்றாடம் அவள் என்ன செய்வாள் என்றும் உங்களுக்குத் தோன்றலாம். பெரும்பாலும், தப்பு எங்கே என்று தேடுவாள். என் இரண்டாம் வருடத்தில் மாக் 20 வேகத்தில், அதாவது ஒலியைப் போல் 20 மடங்கு வேகத்தில், ஒரு ஓட்டம் போட்டிருந்தேன். சாயங்காலம் ஏவிவிட்டு, காலையில் வந்து பார்த்தால் கோப்பு முழுக்க 'எண் அல்ல' என்று நிரம்பியிருந்தது. பத்து நாள் கழித்துப் பிடிபட்டது. அழுத்தத்தை நாம் நேரடியாகச் சேமிப்பதில்லை. மொத்த ஆற்றலிலிருந்து இயக்க ஆற்றலைக் கழித்து மிஞ்சுவதிலிருந்து எடுக்கிறோம். மாக் 20-இல் மொத்த ஆற்றலில் அப்படி மிஞ்சுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. லட்ச ரூபாயில் தொள்ளாயிரம் ரூபாய் மாதிரி. பெரிய தொகையில் நூற்றுக்கு ஒன்று பிசகினால் மிச்சம் கடனாகிவிடும். அழுத்தம் எதிர்மறை, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் ஒலிவேகம், அங்கே நிரல் செத்தது. ஒரே ஒரு கட்டத்தில் தொடங்கி, எட்டுக்கு எட்டு பக்கத்துக் கட்டங்களைத் தொற்றி, விடிவதற்குள் பெட்டி முழுவதும்.

இன்னொரு முறை, முறையின் படியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மென்மையான ஒரு சைன் அலையை நகரவிட்டு, கட்டத்தைப் பாதியாக்கினால் அதிகபட்சப் பிழை நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும். எனக்கு இரண்டரை மடங்குதான் குறைந்தது. மூன்று வாரம் வரி வரியாக நிரலைத் துழாவினேன். கடைசியில் மூத்த மாணவி ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அலையோட உச்சியப் பாரு, மொட்டையா இருக்கு. உன் லிமிட்டர்தான் சீவிடுச்சு" என்றார். உச்சியில் ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம், அதனால் அங்கே சாய்வு சுழியம். மேலே 4, 9, 7 என்று போட்டேனே, அதேதான். நிரலில் பிழையே இல்லை, முறை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. அந்த உச்சியைச் சீவாமல் விடுவதற்காகவே 1987 முதல் இஎன்ஓ, பிறகு 1990-களில் டபிள்யூஇஎன்ஓ என்று ஒரு தனி வம்சம் கிளம்பியது. உங்கள் அக்கா மகள் அநேகமாக அதில் ஏதாவது ஒரு கிளையில்தான் உட்கார்ந்திருப்பாள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இதெல்லாம் இனி எதற்கு என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். லிமிட்டரையோ எல்லைத் தீர்வையோ நரம்பு வலைப்பின்னலுக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன, சிலது நன்றாகவே இருக்கின்றன. முழுக் கணக்கையும் அதன் கையில் கொடுப்பதை மட்டும் நான் நம்பவில்லை. படம் அச்சு அசலாக வரும், நிறையைக் கூட்டிப் பார்த்தால் குழாயில் போட்ட வாயுவில் கொஞ்சம் காணாமல் போயிருக்கும்.

அவளிடம் அடுத்த முறை பேசும்போது இந்த 'நான்கு வருடம் என்ன செய்வாய்' கேள்வியை விட்டுவிட்டு, "சோட் குழாயில் உன் தொடும் எல்லை எத்தனை கட்டத்தில் அடங்குகிறது?" என்று கேளுங்கள். நாலைந்து என்று சொன்னால் வேலை நன்றாகப் போகிறது. பத்துக்கு மேல் சொன்னால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று பேச்சை மாற்றிவிடுங்கள்.